மல்லிகாவின் கல்யாணத்துக்கு நான்தான் படமெடுத்தேன்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் எப்படி எழுதுவது? கூப்பிட்டபடியே எழுதுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. நீங்கள் படமெடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்த சல்லிக் கிராமத்து மல்லிகாவின் கல்யாணம் போன கிழமை நடந்தது. உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்ததும் அந்தப் பிள்ளையே நம்முடைய ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள். "மாமி, வேறை ஆளைப் பிடிக்கச் சொல்லாதேங்கோ. நீங்கள்தான் எடுக்கோணும்" என்றாள். படம் கழுவுவது எப்போதும் என் வேலைதான். கமராவும் எனக்குப் புதிதில்லை. ஆனால் தாலி கட்டும் நேரம் மணவறைக்கு முன்னால் ஒரு விதவை போய் நிற்பதா? அதுதான் என் பயம். மூன்று நாள் யோசித்துவிட்டு ஓம் என்றேன்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றதால் இப்போது ஃபிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கப்பல்காரர் ஒருவரிடம் நீங்கள் வாங்கி, அலுமாரியில் என் சேலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்த ஒரே ஒரு ரோல்தான் இருந்தது. பன்னிரண்டு படம். காலையில் கல்யாணப் பொம்பிளை கண்ணாடி பார்ப்பதிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெருகலுக்கு பஸ் ஏறும்வரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நீங்களென்றால் வாசல் வாழைமரத்திலேயே இரண்டை முடித்திருப்பீர்கள். கோபிக்காதீர்கள், உண்மைதானே?

நான் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். மல்லிகா பூ வைத்தது ஒன்று. மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணுக்கு மேல் சரிய, அவர் தடவிக்கொண்டு நடந்தது ஒன்று. அதை விட எனக்கு மனம் வரவில்லை.

பொம்பிளை கூறைச் சேலை மாற்றப் போன இடைவெளியில் மாப்பிள்ளையின் பெரியம்மா என் காதருகே வந்தா. "தாலி கட்டேக்கை நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. குறை நினைக்காதேங்கோ" என்றா. நான் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

கூறையோடு வந்து உட்கார்ந்த மல்லிகா தலையை நிமிர்த்தித் தேடினாள். "மாமி எங்கை? முன்னுக்கு வாங்கோ. நீங்கள் வராமல் நான் கழுத்தை நீட்டமாட்டன்." பெரியம்மாவின் முகம் சிவந்தது. நான் வந்தேன்.

குனிந்து, காட்சி விழும் கமராவின் மேல் கண்ணாடியைப் பார்த்தேன். பொம்பிளை, மாப்பிள்ளை, தாரை வார்க்கப் பொம்பிளையின் மாமனும் மாமியும். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், சமையல் நடந்த குசினி வாசலில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு மல்லிகாவின் தாய் பாக்கியம். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து கருவாடு காயப்போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவள். தான் உழைத்து நடத்தும் கல்யாணத்தைத் தானே ஒளிந்து நின்று பார்க்கிறாள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "பொம்பிளைக்குப் பின்னாலை வெறுமையாக் கிடக்கு. ஆரும் நிக்காட்டிப் படம் சரிவராது" என்றேன். பத்துப் பேர் இடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "நீங்களில்லை. பொம்பிளையின்ர தாய்."

நாதஸ்வரக்காரரே ஊதுவதை நிறுத்திவிட்டார். "அவ இந்த நேரம் முன்னுக்கு வாறதோ?" என்றா பெரியம்மா.

"படம் எடுக்கிறது நானோ நீங்களோ? இருக்கிறது ஒரு ரோல். அது வீணாப்போனா வேறை எடுக்க ஏலாது."

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் போகுது. அம்மாவைக் கெதியா வரச் சொல்லுங்கோ" என்றார். பாக்கியம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து மகளுக்குப் பின்னால் நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. நான் அழுத்தினேன்.

இருட்டறையில் படம் கழுவும் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டு நின்றபோது முதலில் தெளிந்தது பாக்கியத்தின் முகம்தான். அவள் தாலியைப் பார்க்கவில்லை. மகளின் உச்சந்தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பெரியம்மாவும் அந்தப் படத்தில் நன்றாகவே விழுந்திருக்கிறா. தனக்கும் ஒன்று பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறா!

நேற்று உங்கள் பழைய நெகட்டிவ்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எத்தனை கல்யாணம், எத்தனை மணவறை! புருசனை இழந்த ஒரு தாய்கூட அவற்றில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நீங்கள் கூப்பிடவில்லை. உங்களோடு வந்த நானும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் அவர்கள் எங்கேயோ நின்றிருப்பார்கள்தானே? உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அடுத்த மாதம் பாலையூற்றில் ஒரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். ஃபிலிமுக்கு எங்கே போவேனோ தெரியாது, ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் போவேன். ஒரு வாக்குத் தருகிறேன்: இனி எந்தக் கல்யாண வீட்டிலும் முதலில் குசினிக்குள் போய் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்த பிறகுதான் கமராவைத் திறப்பேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
இராசம்மா