சாக்லேட்டில் இடம் மாறிய சங்கு

செங்கல்பட்டு
23.1.2006

சௌபாக்கியவதி விஷாகாவுக்கு அம்மா ருக்மிணி ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். உனக்கு மசக்கை நின்றதா? மாப்பிள்ளை அரசு எப்படி இருக்கிறார்?

பெல்ஜியத்திலிருந்து ஊருக்கு வந்த சிநேகிதரிடம் நீ கொடுத்தனுப்பிய கோகோ வெண்ணெய், கலர்ப்பொடி, பிளாஸ்டிக் தாள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. உன் மாமியார் ஆதியம்மாளே சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், மகராசி! உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கேட்டருகிலேயே நின்றுகொண்டு, "இன்னா சம்பந்தி, பொண்ணு அஞ்சு மாசமா கீது. தலப்புள்ளய தாய் வூட்லதான பெத்துக்கணும்? அய்யருகிட்ட நீயாச்சும் சொல்லேன்" என்றார் சத்தமாக. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா காதில் விழாமலா இருக்கும்? பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. நீங்கள் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து, இந்த மூன்று வருஷமாக, உன் பேச்சை எடுத்தாலே அப்படித்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது, போ.

சரி, தாள் கதையைக் கேள். எதிர்வீட்டுக் கல்யாணி தன் பிள்ளை கல்யாணத்துக்குச் சங்கு சக்கரம் போட்ட சாக்லேட் கேட்டாள். கோகோ வெண்ணெயை உருக்கி, முதலில் கைவசமிருந்த கேசரிப் பவுடரைக் கலந்தேன். வெண்ணெயோடு சேராமல் திப்பிதிப்பியாக நின்றது. அப்புறம் உன் பொடியைப் போட்டு, நீ எழுதியபடி கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, தாளில் பிரஷ்ஷால் வரைந்தேன். தை மாசக் குளிரில் நன்றாக இறுகிற்று. அதன்மேல் உருக்கிய சாக்லேட்டை ஊற்றி, ஆறியதும் தாளை உரித்தால், அடடா, என்ன பளபளப்பு! பெருமை தாங்காமல் தட்டை அப்பா முன்னால் வைத்தேன்.

நீ அனுப்பியதில் செய்தது என்று தெரிந்தும் கையில் எடுத்தார். "அடி அசடே, சங்கும் சக்கரமும் இடம் மாறியிருக்கு பார். சம்பந்தியாத்துல கல்யாணி மானம் போயிடும்" என்றார். தாளை உரித்தால் இடம் வலமாகும் என்று எனக்கு உறைக்கவேயில்லை. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராயிருந்தவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. காகிதத்தில் எல்லாவற்றையும் திருப்பி வரைந்து தாளுக்கு அடியில் வைத்தார். மெல்லிய கோடுகளை முதலிலும் பின்னணி நிறத்தைக் கடைசியிலும் போடவேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். நாலு நாள் என்னைப் பிரஷ்ஷைத் தொடவே விடவில்லை! கல்யாண வீட்டில் சாக்லேட்டைக் கடிக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

அந்த நாலு நாளும் வீடு வீடாக இருந்தது, கண்ணே. உனக்கும் ஆதியம்மாளுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

நேற்று பிரஷ்ஷையெல்லாம் கழுவி எடுத்து வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "எட்டு மாசமாயிட்டா ப்ளேன்ல ஏத்த மாட்டாளாமே, அவளுக்குத் தெரியுமோ?" என்றார்.

கேட்டு எழுதுகிறேன் என்றேன். இதோ, கேட்டுவிட்டேன். பெருமாள் உங்கள் மூவரையும் நன்றாக வைக்கட்டும். பதிலில் வேறெதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வரும் தேதியை எழுது.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா