பவுனம்மாளின் தங்கைகள்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. தையல் கடையில் நாள் முழுக்க மிதி மெஷின்தான். முழங்கால் கழன்று போகிற மாதிரி வலி.

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் கூப்பிட்டார். செப்டம்பர் முதல் ஞாயிறு பெண்கள் ஞாயிறு. ‘ஆதித் திருச்சபைப் பெண்களின் விசுவாசமும் ஊழியமும்’ என்று நான் பேச வேண்டுமாம். நான் மேடையேறி ஜெபம்கூடச் சொன்னதில்லை. பேசத் தெரிந்தவர்கள் பர்மாவை விட்டுத் தாய்லாந்து, மலேசியா என்று போய்விட்டார்கள். வாலிபப் பையன்களை ராணுவத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று கோயிலுக்கே அனுப்புவதில்லை. ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சு நிறைந்தால் அதிசயம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பேசு. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடு” என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

வேதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரத்தாம்பரத் துணி விற்ற லீதியாள். சிறையிலிருந்து விடுதலையான அப்போஸ்தலர்கள் நேரே அவள் வீட்டுக்குத்தான் போனார்கள். எத்தனையோ முறை கேட்ட கதை. அன்றைக்கு அக்கம்பக்கத்தில் யார் யார் பார்த்திருப்பார்கள் என்று இதுவரை நினைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பவுனம்மாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அவர் இருக்கும் தாகேதா பேட்டைக்குப் போனேன். எங்கள் சபையில் நோயாளியைப் பார்ப்பது, சாவு வீட்டில் பிணம் கழுவுவது எல்லாம் அக்காதான். புருஷன் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே ஒரு பர்மியப் பெண் அக்காவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“நம்ம லில்லிதான். ஒண்ணுமில்ல, போடு” என்றார் அக்கா.

மா தீரி என்று பேர். நர்ஸ். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதை எதிர்த்து ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்தவள். தேடுகிறார்கள். இங்கே இருந்துகொண்டு அக்கம்பக்கத்து வீடுகளில் பிரசவம் பார்க்கிறாள், காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். இரவு தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். அக்கா பதியவில்லை.

“நம்ம சபையா இந்தப் பொண்ணு?” என்று கேட்டேன்.

“புத்த மதம். இருக்கட்டுமே. வாசல்ல வந்து நின்னுச்சு, உள்ள வான்னேன். வேற என்ன செய்யச் சொல்ற?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. இங்கே எழுதுவதும் தப்புதான். தமிழில்தானே என்று ஒரு தைரியம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைசி பெஞ்சில் தெரியாத ஆட்கள் இரண்டு பேர். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் சேர்ந்திசையில் பாடும் புஷ்பாவிடம், “வீடு வீடா மருந்து கொடுக்கிற அம்மா யாரு?” என்று பர்மியத்தில் கேட்டார்களாம். தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

போதகர் என்னைத் தனியாக அழைத்தார். “தபீத்தாள் ஏழைகளுக்குத் துணி தைச்சது, விருந்தோம்பல்... இதோட நிறுத்திக்குங்க, சிஸ்டர். சிறை, விசாரணை எல்லாம் வேணாம்.”

பாவம், அவருக்கும் ராணுவத்துக்குப் பிடிக்கிற வயதில் மகன் இருக்கிறான்.

ஆகஸ்ட் 20, புதன்

போதகர் முன்பே கொடுத்திருந்த சபை வரலாற்றுக் குறிப்புகளில் இன்று ஒன்று வாசித்தேன். வாசிக்காமலே இருந்திருக்கலாம். ஒரு ரோம ஆளுநர், சபையில் என்ன நடக்கிறது என்று அறிய இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்தானாம். சபை அவர்களை ஊழியக்காரிகள் என்று அழைத்தது. அவ்வளவுதான் தெரியும். பேர்கூட இல்லை. பிறகு என்ன ஆனார்கள் என்றும் இல்லை.

யார் வீட்டில் கூடினோம் என்று சொன்னார்களா? நானாக இருந்தால் — முதல் அடியிலேயே சொல்லிவிடுவேன். நிச்சயமாகச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 23, சனி

அக்கா போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அக்கா உட்காரும் இடம் காலி. புஷ்பா காதோடு சொன்னாள். வெள்ளிக்கிழமை வார்டு ஆபீஸ் ஆட்களும் சிப்பாய்களும் வந்திருக்கிறார்கள். மா தீரி அப்போது ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் எங்கே என்று கேட்டு அக்காவை அடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டதாம். அப்புறம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெப வேளையில் போதகர், “சுகவீனமாயிருக்கும் நம் சகோதரிக்காக” என்றார். சுகவீனமா? எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாயங்காலம் மழை. கதவு தட்டும் சத்தம். நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு கேட்டது பெண் குரல். திறந்தேன். மா தீரி, தலையிலிருந்து கால்வரை நனைந்து.

இவர் குறுக்கே வந்து நின்றார். “நீ யாரும்மா? எங்களுக்கு உன்னத் தெரியாது.”

“ஆன்ட்டிக்குத் தெரியும். பவுனம்மா பெரியம்மாதான் உங்க வீட்ட அடையாளம் சொல்லி வச்சிருந்தாங்க” என்றாள். பிறகு என்னிடம், “பெரியம்மா உங்க பேரச் சொல்லல போல. சொல்லியிருந்தா சிப்பாய்ங்க நேத்தே இங்க வந்திருப்பாங்க.”

இவர் கையைப் பிடித்து விலக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

“லில்லி, நம்மளயும் தூக்கிருவான்” என்றார்.

“தெரியும்ங்க.”

அவளை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டார். பிறகு போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு, அவளுக்கு உடுத்திக்கொள்ளத் தன் லுங்கி ஒன்றை எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அக்காவைச் சிறையில் வைத்திருப்பதாகப் புஷ்பா விசாரித்து வந்து சொன்னாள். அவள் அண்ணன் நகரத்துக்கு வெளியே மாவ்பிக்குக் காய்கறி ஏற்றப் போகும் லாரியில் மா தீரி போய்விட்டாள். போய்ச் சேர்ந்தாள் என்று மத்தியானம் செய்தி வந்தது. அங்கிருந்து எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பேசினேன். தபீத்தாளைப் பற்றி எழுதியதை வாசிக்க ஆரம்பித்தேன். பாதியில் தாளை மடித்துவிட்டேன்.

“சீஷர்கள் ஓடிப்போன நேரத்தில் சிலுவையடியில் நின்றவர்கள் பெண்கள்” என்றேன். “அவர்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா? பயந்துகொண்டேதான் நின்றிருப்பார்கள். பவுனம்மாள் அக்கா சுகவீனமாக இல்லை. சிறையில் இருக்கிறார்.”

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி பெஞ்சில் அந்த ஆட்களில் ஒருவன் போனை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

சிறை வாசலில் கைதிகளுக்கான சாமானை வாங்கிக்கொள்ளும் நாள். சோறும், காய்ந்த இறால் வறுத்த பலாச்சாங்கும், சோப்பும் கொண்டுபோனேன். உறவுக்காரர் மட்டும்தான் கொடுக்கலாம்.

“என்ன உறவு?”

“தங்கச்சி.”

எனக்குப் பின்னால் புஷ்பா. “தங்கச்சி” என்றாள். அவளுக்குப் பின்னால் போதகரின் மனைவி. அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. குடையை மடக்கிக்கொண்டே, அதே வார்த்தையைச் சொன்னார். அவருக்குப் பின்னாலும் சபைப் பெண்கள் நின்றார்கள்.

“இந்தக் கிழவிக்கு எத்தனை தங்கச்சி?” என்றான் சாமான் வாங்குகிற காவலன். எங்கள் அடையாள அட்டைகளை உள்ளே கொண்டுபோனான். திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று. ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டான். வாங்கினான் என்றால் அக்கா உயிரோடு இருக்கிறார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வார்டு ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். நாளைக் காலை நான் மட்டும் வர வேண்டுமாம். விஷயம் என்ன என்று சொல்லவில்லை. இவர் அவன் போன பிறகும் வாசலிலேயே நிற்கிறார்.

கடைக்குப் போய்த் தைத்து முடித்ததை எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் புஷ்பா வீட்டில் நின்று, ஆள் வந்ததைச் சொல்லி, வியாழக்கிழமை சிறைக்கு அவளையே சாப்பாடு கொண்டுபோகச் சொன்னேன்.

“ரெண்டு பேருக்குச் சோறு ஆக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள்.

ஆக்கு என்றேன்.