பாலைவனத்துக்கு ஒரு பாடக்குறிப்பு

4 நவம்பர் 2007, ஞாயிறு

காலையில் எங்கள் ஜீப் பட்டறையில் கூட்டம். கூட்டம் என்றால் நான்கே பேர்தான். என் வீட்டுக்காரர் கலீல், பட்டறையின் மூத்த மெக்கானிக் பாலு, செம்பாக்கம் தட்சிணாமூர்த்தி, அவருடைய சிநேகிதர் ஏசுதாசன். நான் டீ கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பக்ரீத் முடிந்த மறுநாள் இரண்டு பழைய டீசல் ஜீப்புகள் குரோம்பேட்டையிலிருந்து கிளம்பி ஜெய்சல்மேர் போகின்றன. அதற்கும் அப்பால், ரோடே இல்லாத பாலைவனத்தில் மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். ஒன்று எங்கள் வண்டி, இன்னொன்று தட்சிணாமூர்த்தியின் வண்டி. வண்டிக்கு இரண்டு பேர், மாறி மாறி ஓட்ட வேண்டும். எங்கள் வண்டியில் இவரும் பாலுவும் என்று ஏற்பாடு. இன்று பாலு தலையைச் சொறிந்தான்.

"வினிதாவுக்கு டிசம்பர் கடைசில டேட்டு குட்துகிறாங்கோ. பொண்ணு ஆஸ்பத்திரில கீதுன்னா நான் ஒட்டகத்தப் பாத்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுதான். எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நான், "அப்ப நான் ஓட்டறேன்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தட்சிணாமூர்த்தி சிரித்தார். "டீச்சர், நீங்க ரயில்ல வந்துடுங்க. ஜெய்சல்மேர்ல நல்ல ஓட்டலா போட்டுடலாம். மணல்ல ஓட்டறது ஸ்கூட்டி ஓட்டற மாதிரி கிடையாது."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜார். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பதினெட்டு வருடமாக எட்டாம் வகுப்புக்குப் பாலைவனம் நடத்துகிறேன். ஒரு பிடி பாலைவன மணலைக்கூடக் கையில் எடுத்ததில்லை. எனக்குப் போக வேண்டும். ரயிலில் இல்லை, ஓட்டலுக்கு இல்லை. ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

5 நவம்பர்

இவர் ஒரு வழி சொன்னார். "பாலாத்துல ஓட்டிக் காட்டு குல்ஷா. ஓட்டிட்டேன்னா எவன் என்ன சொல்ல முடியும்?" வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இருபது வருடம் ஆகியும் இந்த மனிதர் நடுவில் நிற்பதை விடவில்லை.

7 நவம்பர்

தீபாவளி விடுமுறைக்கு முன் பாடக்குறிப்பு எழுதி ஹெட்மிஸ்ட்ரஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதி முடித்த கையோடு இன்னொன்றும் எழுதினேன்.

தலைப்பு: தார் பாலைவனம். வகுப்பு: நால்வர். நோக்கம்: போய், தங்கி, திரும்பி வருதல். முன்னறிவு: ஆசிரியைக்கு நிறைய உண்டு, நேரில் பார்த்ததில்லை. துணைக்கருவிகள்: ஒரு முழுப் பக்கம். மதிப்பீடு: அங்கே தெரியும்.

ரூக்சார் எட்டிப் பார்த்து, "அம்மா, டூருக்குமா நோட்ஸ் ஆஃப் லெசன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பத்தாம் வகுப்பு. அவளுக்கு எல்லாமே மானம் போகிற விஷயம்.

11 நவம்பர், ஞாயிறு

பாலாறு. செங்கல்பட்டு தாண்டி இறங்கினோம். தண்ணீர் ஒரு ஓரமாக வாய்க்கால் போல ஓடுகிறது, மீதியெல்லாம் மணல்.

ஐம்பதடி ஓட்டினேன். புதைந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், இன்னும் புதைந்தது. அச்சு வரைக்கும். தட்சிணாமூர்த்தி தன் மஞ்சள் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டார். கயிற்றைச் சுருட்டும்போது விசில் அடித்தார்.

அந்த விசிலை நான் மறக்கப்போவதில்லை.

12 நவம்பர்

தோற்றது ஏன்? மிதித்ததால். ரோட்டில் வண்டி நின்றால் மிதிப்போம், மணலில் மிதித்தால் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். பாலு சொன்னான்: "காத்த எறக்குக்கா. முப்பதுல வெச்சா எப்டி ஓடும்? பதினெட்டுக்கு எறக்கு. டயரு சப்பாத்தி மாதிரி பரவிக்கும். அப்பால ஒரே சீரா போய்கினே இரு, நிறுத்தாத, முறிக்காத."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! என் பிள்ளைகளுக்கு நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

18 நவம்பர், ஞாயிறு

ஓட்டினேன்!

இக்கரையிலிருந்து அக்கரை, அங்கே வளைத்து மறுபடி இக்கரை. ஒரு தடவைகூட நிற்கவில்லை. இறங்கும்போது புர்காவின் ஓரமெல்லாம் மணல். இவர் கால் பம்பை எடுத்து நான்கு டயருக்கும் காற்று அடிக்க ஆரம்பித்தார். அது என் வேலை என்று நினைத்திருந்தேன்.

தட்சிணாமூர்த்தி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "தார் ரோட்ல டீச்சர் ஓட்டட்டும். பாலைவனத்துல எறங்கினா கலீல்தான். சரியா?"

இவர் சரி என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இவரிடமிருந்து கற்ற வித்தை.

24 நவம்பர்

கிழக்குத் தாம்பரம் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம். போன குளிர்காலத்தில் ஜெய்சல்மேரின் அதிகாலை: ஐந்து டிகிரி, நான்கு டிகிரி, ஒரு நாள் இரண்டு. பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் போனால் தட்சிணாமூர்த்தியின் சாமான் பட்டியல் மேசைமேல் கிடக்கிறது. தண்ணீர் கேன் பதினைந்து, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பேட்டரியில் ஓடும் மின்விசிறி இரண்டு. போர்வை ஒன்று. ஒன்றே ஒன்று!

மார்கழி பிறந்தால் செம்பாக்கம் ஏரிக்கரையில் மங்கி குல்லாவும் மஃப்ளருமாக வாக்கிங் போகிற மனிதர் அவர். இருபத்திரண்டு டிகிரிக்கு. பாலைவனம் என்றதும் மின்விசிறி எடுக்கிறார்.

25 நவம்பர், ஞாயிறு

இன்று சண்டை. நேரடிச் சண்டை இல்லை, சிரித்துக்கொண்டே போட்ட சண்டை.

எங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து பாலு வேலை செய்துகொண்டிருந்தான். என்ஜின் பக்கத்தில் ஒரு ஒயர், முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, சும்மா தொங்கியது. இது என்ன என்றேன்.

"அது ஹீட்டர் ஒயருக்கா. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ஜின சூடு காட்டும். நம்ம ஊர்ல அது இன்னாத்துக்கு? இங்க வர்ற ஜீப் அல்லாத்துலயும் மொத வேலயா அத கட் பண்ணி வுட்டுருவோம். பேட்டரிய தின்னும், வேற ஒரு யூசும் இல்ல."

"ரெண்டு டிகிரில என்ன ஆகும் பாலு?"

அவன் கை நின்றது. "ரெண்டு டிகிரியா? ...தெர்லியே அக்கா. நான் பாத்ததே இல்ல."

இருபத்தைந்து வருடம் டீசல் என்ஜினோடு இருப்பவன், தெரியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னான். அவன்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது. பிரிண்டைக் காட்டினேன். இரண்டு வண்டியிலும் புது ஹீட்டர் பிளக் போட்டு ஒயரை மாட்டு என்றேன்.

தட்சிணாமூர்த்தி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "நல்லா ஓடற வண்டி. அதுல போய்க் கை வெச்சு, நடுவழில நிக்கறதுக்கா? பாலைவனத்துல என்ஜின் சூடாகுமேன்னுதான் நான் கவலப்படறேன், நீங்க இன்னும் சூடு பண்ணணும்ங்கறீங்க. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏசுதாசன் பெரிதாக. இவரும், கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. சீ, இதுக்குப் போயா? இதுக்குத்தான். பதினெட்டு வருஷம் போர்டுல எழுதினது வெறும் சுரைக்காயா?

26 நவம்பர்

சிரித்ததற்கு இவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலம் பட்டறையில் எங்கள் வண்டிக்கு மட்டும் நான்கு புது பிளக் வந்து இறங்கியிருந்தது. டாஷ்போர்டில் ஓர் அமுக்கு சுவிட்சும் சின்ன சிவப்பு பல்பும் பாலு வைத்திருக்கிறான். அமுக்கிக்கொண்டு முப்பது எண்ண வேண்டும், பிறகு சாவியைத் திருப்ப வேண்டும்.

9 டிசம்பர், ஞாயிறு

கீழ்க்கட்டளையில் என் தங்கை ஷாயிஸ்தா வீடு. ரூக்சார் பன்னிரண்டு நாளும் அங்கேதான். பல்லாவரத்தில் நேபாளிக்காரரிடம் வாங்கிய நான்கு கம்பளியைப் பார்த்து ஷாயிஸ்தா, "பாலைவனத்துக்கா இமயமலைக்கா?" என்றாள். நான்கு கம்பளி வாங்கியதன் காரணத்தை நான் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டு போதும்.

22 டிசம்பர், சனி

கிளம்பிவிட்டோம். மழை. நெல்லூர் வரைக்கும் நான்.

24 டிசம்பர்

முதுகு ஒடிகிறது. இன்று நான் ஓட்டியது இருநூற்று எண்பது கிலோமீட்டர். லாரிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

26 டிசம்பர், புதன்

பாலைவனம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் கரும்பலகையில் அலை அலையாக மணல்மேடு வரைந்தேன். இங்கே பாதிக்கு மேல் கல்லும் கெட்டித்தரையும் முள்புதரும்தான். மேடுகள் தூரத்தில் கொஞ்சம். ஊருக்குப் போனதும் படத்தை மாற்ற வேண்டும். சுரைக்காயில் கொஞ்சம் சொத்தை இருந்தது, சரி.

ஒரு பிடி மணலை எடுத்தேன். மாவு போல இருந்தது, விரலிடுக்கில் நிற்கவில்லை. பாலாற்று மணல் முரடு. ஒப்பந்தப்படி நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் இதமான வெயில். தட்சிணாமூர்த்தி மின்விசிறியை எடுத்து வைத்தார். ஐந்தரைக்கு உள்ளே வைத்தார். ஏழு மணிக்கு அவரும் ஏசுதாசனும் பல் தந்தியடிக்க ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மீதி இரண்டு கம்பளியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். விசில் இல்லை.

27 டிசம்பர், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டவில்லை.

காலை ஏழரை. கூடாரத்தின்மேல் வெள்ளையாகப் பனி. ரூக்சாரின் பள்ளி லேபில் கடன் வாங்கிய தெர்மாமீட்டர் மூன்று காட்டியது. தட்சிணாமூர்த்தி வண்டியை ஸ்டார்ட் செய்தார். உர்ர்ர் என்றது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஆறாவது தடவை உர்ர் கூட இல்லை, டக் என்று ஒரு சத்தம். பேட்டரி செத்துவிட்டது. ஆள் அரவமே இல்லாத இடம். கடைசியாகப் பார்த்த கிராமம் முப்பது கிலோமீட்டர்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் ஜீப்பைப் பார்த்தார்கள். அதுவும் எடுக்காவிட்டால்?

இவர் சாவியை என்னிடம் நீட்டினார். "நீயே பண்ணு."

ஏறி உட்கார்ந்தேன். சுவிட்சை அமுக்கினேன். சிவப்பு பல்பு எரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினைந்தில் ஏசுதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இவர் கையைக் காட்டி அடக்கினார். முப்பது. பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினேன்.

ஒரே சுற்று. எடுத்துக்கொண்டது! பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் பாலுவின் கைவேலை. சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் முதல் தடவை 'அம்மா' என்றபோதுகூட இவ்வளவு கத்தவில்லை நான்.

பிறகு தட்சிணாமூர்த்தியின் அதே மஞ்சள் கயிறு. அவர் வண்டியை என் வண்டிக்குப் பின்னால் கட்டி, கெட்டித்தரையில் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் அதுவும் உயிர் பிடித்தது. கயிற்றை நான் அவிழ்த்துச் சுருட்டினேன். விசிலடிக்க நாக்கு துடித்தது. அடிக்கவில்லை. எனக்கு விசிலடிக்கவும் வராது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இவரிடம்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல். "கலீலு, இன்னிக்கு டீச்சர் வண்டி முன்னாடி போகட்டும். டீச்சரே ஓட்டட்டும்."

இவர் சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் இறங்கி நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். பதினெட்டு. அப்புறம் மணல்மேட்டை நோக்கி வண்டியை விட்டேன்.

28 டிசம்பர்

இன்றும் நானே. இரவு முழுக்கத் தட்சிணாமூர்த்தி வண்டியின் பேட்டரியை, அதற்குக் குளிரக் கூடாதென்று ஏசுதாசன் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

29 டிசம்பர்

ஜோத்பூரில் போன் கிடைத்தது. வினிதாவுக்குப் பெண் குழந்தை. பாலுவிடம், "ஹீட்டர் எரிஞ்சுது" என்றேன். "எரியும்னு தெரியும்க்கா, எட்டு தபா செக் பண்ணேன்ல" என்றான். குரல் தழுதழுத்தது. பேத்திக்கா, பிளக்குக்கா?

3 ஜனவரி 2008

பள்ளிக்கூடம். எட்டு பி. கரும்பலகையில் பழைய மணல்மேடு வரைந்து, அதில் பாதியை அழித்துவிட்டுக் கல்லும் புதரும் வரைந்தேன். "மிஸ், புக்ல அப்படி இல்ல" என்றான் ஒருவன். "புக்கும் சரி, நானும் சரி" என்றேன்.

20 ஜனவரி, ஞாயிறு

பட்டறையில் இன்று முதல் வண்டி தட்சிணாமூர்த்தியுடையது. ஹீட்டர் பிளக் போட. பாலு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மத்தியானம் தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு வந்தார். கையில், செம்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்புறம் காய்த்த ஒரு சுரைக்காய். முழங்கை நீளம். வாசலில் நின்றபடியே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தித்தாள் படித்தார், தலைகீழாக.

பாதியை நறுக்கிப் பருப்புத் தால்சாவில் போட்டேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மூன்றாவது தடவை கரண்டியை எடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உதவுது, டீச்சர்."

மீதிப் பாதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நாளைக்குக் கூட்டு.