மேடு கரைந்த வாரம்

அன்புள்ள பென்சிலுக்கு,

தம்பி மனைவி என்று முறை வைத்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் உன்னைக் கூப்பிடுகிற பெயரே வருகிறது. இங்கே நான் நலம். நீயும் திடமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருக்கும் பிரிவுக்குள் போனை விடமாட்டார்கள் என்று தெரியும். நீ வெளியே வந்திருக்கும்போது கூப்பிட்டாலும் தம்பிதான் எடுக்கிறான். "அக்கா, அவகிட்ட வேலையப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசாத, சொல்லிட்டேன்" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் இந்தச் செய்தியை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. அதனால்தான் கடிதம்.

உன் நாற்காலியை இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பாசம் ஒன்றும் இல்லை, ஏசி காற்று நேரே மண்டையில் அடிக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பிரசவத்துக்குக் கிளம்பியதும், உன் ஹிஸ்டோகிராம் கட்டப்படங்களை வைத்துப் புள்ளியியல் மாதிரியைக் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஏற்கெனவே தெரிந்த துகள்கள் எந்தக் கட்டத்தில் எத்தனை விழும் என்று கணினி காட்டும் பின்னணி ஒன்று. நாம் தேடும் புதுத் துகள் இருந்தால் எங்கே குவியும் என்பது ஒன்று. கருவி உண்மையில் எண்ணியது ஒன்று. மூன்றையும் அடுக்கிப் பார்த்தேன். பின்னணிக்கு மேல் தனியாக எழும்பி நின்ற அந்த மேட்டைக் கண்டதும், நீ வருஷக்கணக்காகச் சோறு தண்ணீர் மறந்து எதன் பின்னால் அலைந்தாய் என்று புரிந்தது.

ஆனால் பின்னணிக் கோடு அளவுக்கு மீறி வழவழப்பாக இருந்தது. அடுத்த மேசையில் எப்போதோ காதில் விழுந்த பேச்சு நினைவுக்கு வர, பழைய கோப்புகளைத் தோண்டி, கரடுமுரடைச் சீவி இழைப்பதற்கு முந்தைய படத்தை எடுத்தேன். மேடு இருக்கும் இடத்தில் கணினி உருவாக்கிய துகள் மோதல் நிகழ்வுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல் போன சீப்பு மாதிரி இருந்தது. அவ்வளவு குறைவாக இருந்தால் அங்கே பின்னணி இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். இழைத்த கோட்டைக் கொடுத்ததால் மாதிரி அதை அப்படியே நம்பிவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அசைய இடம் கொடுத்து மறுபடி பொருத்தினேன். மேட்டில் பெரும்பகுதியைப் பின்னணியே விழுங்கிவிட்டது. என் கைத்தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பத் திரும்ப ஓட்டினேன். விடை மாறவில்லை.

குழுத் தலைவரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். "மாநாட்டுக்குத் தலைப்பு குடுத்தாச்சு. இப்பப் போய் இதக் கிளறாதீங்க. அவ வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அறிக்கையில் முதல் பெயர் உன்னுடையது. வெளியே போன பிறகு வேறு எவனாவது இதைக் கண்டுபிடித்தால் யார் தலை உருளும்?

கடைசியில் வாரக் கூட்டத்தில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டேன். "இத யார் இழைச்சது?" என்று ஒருவர் கேட்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுதான். அவசரத்துல பண்ணியிருப்பா. பாவம், அவ நிலைமை அப்படி" என்றார்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் என்னை எழுப்பி நிறுத்தியது. "சார், படம் பாக்க நல்லா இல்ல, இழைச்சுக் குடுன்னு நீங்கதான் சொன்னீங்க. அவ வேணாம்னா. இன்னும் நிகழ்வுகள உருவாக்கலாம்னு கேட்டா. நான் அடுத்த மேசையிலதான் இருந்தேன்" என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். குழுவிலேயே மூத்த பேராசிரியைதான், "அப்ப உருவாக்கிப் பாத்துட்டே வெளிய சொல்லுவோம்" என்று முடித்துவைத்தார்.

அறிவிப்பு நின்றுவிட்டது. புதிய நிகழ்வுகள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கின்றன, மாதக்கணக்காகும். மேடு அடியோடு போகவில்லை. குட்டியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. வளரலாம், கரைந்தும் போகலாம். அதற்குள் உன் வேலை ஒப்பந்தம் முடிந்துவிடுமே என்பதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீட்டிக்கச் சொல்லி எழுதுவதாகப் பேராசிரியை சொல்லியிருக்கிறார். நம்புகிறேன், ஆனால் எழுதிவிட்டாரா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. தலைவரோ என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குகிறார். மனுஷனுக்கு உடம்பாவது இளைக்கட்டும்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். இத்தனை வருஷ உழைப்பை நாத்தனாரே போட்டு உடைத்தாள் என்று உனக்குத் தோன்றினால் வாய்விட்டுத் திட்டு. அது உன் உரிமை. ஆனால் நீ செய்யாத தவறுக்கு, நீ இல்லாத அறையில், உனக்காக நாலு பேர் பரிதாபப்பட்டதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

இவ்வளவு எழுதியவள் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைப்பாய். கேட்கத் தெரியாமல் இல்லை. தம்பியைக் கேட்டால் "நல்லா இருக்காக்கா" என்கிறான். உன்னைச் சொல்கிறானா, அவளைச் சொல்கிறானா என்று மறுபடி கேட்க வாய் எழுவதில்லை. அவன் குரல் அப்படி இருக்கிறது. அவளை அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே தூக்கிவரும் நாளில், நேரம் காலம் பார்க்காமல் என்னைக் கூப்பிடு. நீ ஒன்றும் பேச வேண்டாம். கோபம் இருந்தால் பேசவே வேண்டாம். அவளைப் போன் பக்கத்தில் பிடி, போதும். அவள் நன்றாக, ஊரே கேட்கும்படி, ஓங்கி அழட்டும்.

அதைக் கேட்கக் காத்திருக்கும்,
அவளுடைய அத்தை