பலகைக்குத் தண்ணி ஆகாது

2015 நவம்பர் 8, ஞாயிறு
பெங்களூரில் வேலை போய் வீட்டுக்கு வந்து ஒரு மாதம். கொண்டுவந்த சொத்து இந்த ஸ்கேட்போர்டுதான். பலகையில் தண்ணீர் படக்கூடாது. வெயில் ஆகாது. வாரம் ஒருமுறை விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 29-ஆம் தேதி பெங்களூரில் ஸ்கேட்போர்டு போட்டி. அதுவரை தாங்கினால் போதும். வேறு பலகை இங்கே கிடைக்காது. நாகர்கோவில் கடைக்காரர் கேரம்போர்டை எடுத்து நீட்டினார்.

நவம்பர் 10
பலகையில் மீன் வாடை. கடற்கரையில் எதில்தான் இல்லை?

நவம்பர் 12
கண்டுபிடித்துவிட்டேன்! காலையில் சீக்கிரம் எழுந்தால், கிணற்றடியில் அம்மா என் பலகைமேல் சாளை மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருக்கிறாள். கால் வழுக்காமலிருக்க ஒட்டிய சொரசொரப்புத் தாளின்மேல்!

"மீன்சட்டியெல்லாம் தோத்துப் போவும் மக்ளே. என்னா உரசு!"

"எத்தன நாளா?"

"நீ வந்த மறுநாளேருந்து. நீ ஒறங்குற நேரம் உரசி, கழுவி, வெயில்ல காயவச்சு எடுத்த இடத்துலயே வச்சிருவேன். பக்கத்து வீட்டு இசபெல்லும் ரெண்டு தடவ வாங்கிட்டுப் போனா."

"அப்போ சக்கரம் எதுக்குன்னு நெனச்ச?"

"கிணத்தடிக்கு உருட்டிட்டுப் போவ."

நவம்பர் 14
விளிம்பில் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. அப்பா பார்த்தார். சுறா எண்ணெய் எடுத்துப் பூசிவிட்டார். மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுவதாம்.

நவம்பர் 15
ஆறு பூனைகள். நான் ஓட்டினால் பின்னால் ஓடிவருகின்றன. நின்றால் நிற்கின்றன.

நவம்பர் 24
வேதக்கோயில் முன்னாலுள்ள சிமென்ட் தளத்தில் குதித்து இறங்கினேன். சடக். இரண்டு துண்டு.

போச்சு. போட்டி, டிக்கெட், எல்லாம் போச்சு. தண்ணி பட்டுத்தான் பலகை ஊறிப்போச்சு, ஏன்தான் இந்த வீட்டுக்கு வந்தேனோன்னு அம்மா முகத்துக்கு நேரே கேட்டுட்டேன். அவள் இன்றைக்கு மீனே வாங்கலை.

நவம்பர் 26
அப்பா பழைய வள்ளத்தின் அணியத்தை அறுத்துப் பலகை செய்திருக்கிறார். வள்ளத்தின் முன்பக்கம், வளைந்தே இருக்கும். ஃபைபர் பூசி, ஈரம் காயுமுன் கருமணல் தூவியிருக்கிறார். பழைய சக்கரங்களை மாட்டினேன். கனம்தான். ஆனால் ஓடுகிறது!

நவம்பர் 27
மந்திரிக்காமல் புது வள்ளத்தை இறக்கக்கூடாதாம். அப்பா பலகையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே நானும் அம்மாவும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

"தண்ணி வேண்டாம் சாமி! செபம் மட்டும் போதும். எனக்க பிள்ளைக்க பலகையாக்கும்."

சாமியார் அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெறுங்கையால் சிலுவை போட்டார். ஃபைபர் பூசியதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. நான் சொல்லவில்லை.

நவம்பர் 29, பெங்களூர்
பதினான்கு பேரில் பதினொன்றாவது. இரண்டு தடவை விழுந்தேன். எனக்கு முழங்கை போச்சு, பலகையில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். ஜெயித்தாயா என்று அம்மா கேட்கவே இல்லை.

"அங்க மழையா மக்ளே? பலகைல தண்ணி பட்டுதா?"