லூசியா திரித்த பால்

8 பிப்ரவரி 1974, வெள்ளி

பக்கத்து வீட்டு லூசியா இன்று அவள் பிரேசில் ஊர்ச் சீஸை என் அடுப்பில் செய்து காட்டினாள். கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழியச் சொன்னாள். என் கை எழவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, வயிற்றில் மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே யாராவது பாலைத் திரிய வைப்பார்களா? போன வருடம் ஒன்று தங்காமல் போனது போதாதா? அவளிடம் எப்படிச் சொல்வது? அவளே பிழிந்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

திரிந்ததை வடிகட்டி, வெண்ணெயும் கொஞ்சம் புதுப் பாலும் சேர்த்து, கரண்டியை என்னிடம் தந்தாள். "டூஸ்மான், டூஸ்மான்" என்றாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது, இந்தப் பனி ஊருக்கு வந்து கற்றுக்கொண்ட அரைகுறை பிரெஞ்சுதான். சின்னத் தீயில் கிண்டக் கிண்ட, பிரிந்ததெல்லாம் ஒன்றாகக் கூடி, மேகம்போல் வழவழவென்று திரண்டு வந்தது.

இரவு அதைத் தோசையில் தடவிப் பச்சை மிளகாய் தூவினேன். "என்னம்மா இது, வாயில வெச்சதும் கரையுது!" என்று இவர் இன்னொன்று கேட்டார். பால் திரிந்த கதையைச் சொல்லவில்லை.

இவர் தூங்கிவிட்டார். பனி இன்னும் விழுகிறது. இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே இருப்பதற்குப் பிரெஞ்சு தெரியாது. மெதுவா, கண்ணு. மெதுவா.