அடி ஆறியது, வலி ஆறவில்லை

என் செல்லமான சரோஜா அக்காவுக்கு,

உன் மகள் கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் நெற்றி, உன் பிடிவாதம். குளிப்பாட்டுவது யார் தெரியுமா? நான்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, குனிந்து குனிந்து. நம்புவாயா?

நாம் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அச்சுப் பலகைகள் சரிந்து நம் இருவர் மேலும் விழுந்தனவே, இருவருக்கும் அடி முதுகில்தான். ஐப்பசி மழை விடுவதற்குள் நீ வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு வருடங்கள் ஓடியும் வலி விடவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது.

"அக்காவுக்கு ஆறிடுச்சு, இவளுக்கு மட்டும் என்னவாம்? டிமிக்கி குடுக்குறா" என்று மேஸ்திரி சிரித்தார். நீ சண்டைக்கே போய்விட்டாய். "அவளுக்கு வலிக்குதுன்னா வலிக்குதுதாங்க. ஒங்க முதுகா அது?"

மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு எனக்காகப் பேச ஆளில்லை. கலாதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டரம்மா, "காயம் எப்பவோ ஆறிடுச்சுங்க. இப்ப வலியப் புடிச்சு வச்சிருக்கிறது ஒங்க மூளை" என்றார். சுருக்கென்றது.

"அப்ப நான் நடிக்கிறேங்கிறீங்களாம்மா?"

"இல்லீங்க, வலி நிஜம்தான். ஒரே மாதிரி அடிபட்டாலும் சிலரோட மூளை அத விட்டுடும். சிலரோடது வலியப் பழகிக்கும். பயம், தூக்கமில்லாதது, வேலை போயிடுமோங்கிற கவலை எல்லாம் சேர்ந்தா இன்னும் ஆழமாப் பழகிடும். அது ஒங்க தப்பில்ல. மெல்ல மாத்தலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். துக்கத்தில் இல்லை அக்கா. நீ படிக்காமலே சொன்னதை டாக்டரம்மா வாயால் கேட்க நீ இல்லையே என்றுதான்.

டாக்டரம்மா சொன்னபடி தினமும் நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பழகினேன். முன்பெல்லாம் சுளீரென்றால் படுத்துவிடுவேன். இப்போது, முதுகுக்கு ஒன்றுமில்லை, பழைய பயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நாள் பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார்ந்ததும் கலா பதறினாள். "வேணாம் சித்தி, முதுகு புடிச்சுக்கப் போவுது."

"புடிச்சா புடிக்கட்டும்டி. தண்ணிய ஊத்து."

வலி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும்போதுதான் உறைத்தது: வலி எப்போது போனது?

முழுதாகப் போகவில்லை. சில நாள் வரும். வந்தால் வெட்கமில்லாமல் சொல்கிறேன், "இன்னிக்கு வலிக்குதுடி" என்று. கலாவும் நம்புகிறாள்.

உன் பேத்தி கொஞ்சம் வளர்ந்ததும் அவளை இடுப்பில் வைத்து மணிமுத்தாற்றங்கரை வரை நடப்பேன். முடியாதபோது இறக்கிவிடுவேன். பிறகு மறுபடியும் தூக்கிக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தா